எந்த ராத்திரி

இருபத்தெட்டு, செவ்வாய், ஒன்னு இருபத்தஞ்சு. திரும்பவும் படிக்கிறேன். இருபத்தெட்டு, செவ்வாய், அதுக்குப் பக்கத்துல ஒரு சைபர், அப்புறம் ஒன்னு, அப்புறம் இருபத்தஞ்சு. இந்த சைபர் இத்தன நாளா எங்க போயிருந்துச்சு. நாப்பது நாளா இந்தத் தாள் என் தோள்பையிலதான் கெடக்கு. மூணு நகல் எடுத்து, ஒன்னு நாயகி கைப்பையில, ஒன்னு பெரிய பெட்டி மூடிக்கு உள்பக்கம், ஒன்னு என்கிட்ட. மூணுலயும் இந்த சைபர் இருந்திருக்கும். இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை. இப்ப மத்தியானம் ரெண்டு இருபது. விக்கிரவாண்டி டோல்கேட்டத் தாண்டி வண்டி சென்னைப் பக்கம் போய்க்கிட்டிருக்கு. "சார், எந்த டெர்மினல்னு டிக்கெட்டப் பாத்துச் சொல்லிடுங்க, அங்க போய் சுத்த வேணாம்"னு டிரைவர் சகாயம் கேட்டான். பாத்தேன். டெர்மினல் போட்டிருக்கிற வரிக்கு மேல் வரியில இது. செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒன்னு இருபத்தஞ்சுன்னு நான் மனசுல எழுதி வச்சிருந்த நேரம், செவ்வாய்க்கிழமை பொறந்து ஒன்றரை மணி நேரம்கூட ஆகாத ஒன்னு இருபத்தஞ்சு. அதாவது நேத்துப் படுத்தோமே, அந்த ராத்திரி. நான் கொறட்ட விட்டுக்கிட்டிருந்தப்ப அது கெளம்பிடுச்சு. போய்க் கிட்டத்தட்ட பதிமூணு மணி நேரம் ஆச்சு. நாங்க இப்பத்தான் அதுல ஏறுறதுக்குப் போய்க்கிட்டிருக்கோம்.

"எந்த டெர்மினல் சார்?" சொல்றேன்பா, இரு. வாய் அப்படித்தான் சொல்லுது. கை தாள மடிச்சுப் பையில வைக்குது, வச்ச கையே திரும்ப எடுக்குது. கண்ணாடி போட்டதால தப்பாத் தெரியுதோன்னு கழட்டிப் பாக்குறேன், கழட்டினா எதுவுமே தெரியல. பக்கத்துல நாயகி தூங்குறா. தையல்நாயகி, என் பொண்டாட்டி, முப்பத்தாறு வருஷமா. வாய் லேசாத் தெறந்திருக்கு. மடியில ஒரு ஒயர் கூடை, அதுக்குள்ள பிரசவ லேகியம், அத எந்தப் பெட்டியிலயும் வைக்க மாட்டேன், கசிஞ்சிடும், கையிலதான் கொண்டு வருவேன்னு பிடிவாதம். கையில கொண்டுபோனா விமானத்துல விட மாட்டான் நாயகின்னேன். கெஞ்சிக் கேப்பேன், புள்ளப் பெறப் போறவளுக்குன்னு சொன்னா எந்த ஊர்க்காரனா இருந்தாலும் விடுவான்னா. டிக்கில ரெண்டு பெட்டி. ரயில்வே பார்சல் ஆபீஸ் தராசுல வச்சு, இருபத்து மூணு கிலோவுக்கு ஒரு கிராம் கூடாமப் பாத்துக் கட்டின பெட்டி. சுக்கு, பூண்டு, என்னோட பழைய வேட்டியக் கிழிச்சுத் தொவச்சு மடிச்ச துணி. கொழந்தைக்குப் புதுத்துணி ஆகாது, ஒடம்பு அறுக்கும்னு அவளே உக்காந்து கிழிச்சா. நாளைக்குக் காலையில ஏழரை மணிக்கு, டொராண்டோ நேரப்படி, என் பொண்ணு சுகந்திக்கு ஆபரேஷன். வயித்தக் கீறிக் கொழந்தய எடுக்கப் போறாங்க. அதுக்குத்தான் போறோம். அதுக்கு முன்னாடி போய் நிக்கணும், அவ்வளவுதான் எங்க வேல.

நான் யாருன்னு சொன்னா சகாயம் வண்டிய ஓரங்கட்டிட்டுச் சிரிப்பான். விருத்தாசலம் ஜங்ஷன்ல முப்பத்திரண்டு வருஷம் ரிசர்வேஷன் கவுண்டர்ல உக்காந்தவன் நான். அம்பலவாணன்னு பேரு. ஆனா ஸ்டேஷன்ல அந்தப் பேரு யாருக்கும் தெரியாது. 'எந்த ராத்திரி'தான் பேரு. எந்த ராத்திரி இன்னைக்கு லீவா, எந்த ராத்திரி டீ சாப்பிட்டாரா, இப்படித்தான் கேப்பானுங்க. ஏன்னா எங்க ஊர்ல தூத்துக்குடிப் பக்கம் போற வண்டி ஒன்னு ராத்திரி பன்னண்டு நாப்பதுக்கு வந்து நிக்கும். ஜனங்க ஃபாரத்துல தேதி எழுதுறப்ப, வெள்ளிக்கிழமை ராத்திரின்னு வெள்ளிக்கிழமை தேதியப் போட்டுடும். வெள்ளிக்கிழமை தேதியில பன்னண்டு நாப்பதுன்னா அது வியாழக்கிழமை படுக்குற ராத்திரி. நமக்கு விடிஞ்சாத்தான் மறுநாள். ரயிலுக்குப் பன்னண்டு அடிச்சா மறுநாள். இந்த ரெண்டுக்கும் நடுவுல விழுந்து எத்தன பேரு வண்டிய விட்டிருக்கான். மொத அஞ்சாறு வருஷம் நானும் எழுதிக் குடுத்ததப் போட்டுக் குடுத்துட்டு, அடுத்த ஆளுன்னு சொல்ற ஆளாத்தான் இருந்தேன். அப்புறம் ஒரு நாள் காலையில ஒரு அம்மா வந்துச்சு. நான் போட்டுக் குடுத்த டிக்கெட். அவங்க அண்ணன் சாவக் கெடக்குறாருன்னு தூத்துக்குடிக்குப் போக வேண்டியவங்க. ராத்திரி முழுக்க பிளாட்பாரத்துல உக்காந்து, வண்டி வந்து, ஏறி, டி.டி.இ. எறக்கி விட்டிருக்கான், இது நேத்துத் தேதி டிக்கெட்டுன்னு. சண்ட போடல அந்த அம்மா. கவுண்டர் கம்பிக்கு வெளிய நின்னு, டிக்கெட்ட உள்ள தள்ளி, ஒன்னே ஒன்னுதான் கேட்டுச்சு. "ஏன் தம்பி, அப்போ முந்தாநாள் ராத்திரி என் எடத்துல யாரு படுத்திருந்தாங்க?" எனக்குப் பதில் தெரியும். வராதவங்க பேருக்கு நேரா சார்ட்டுல ஒரு குறி போட்டுட்டு, காத்திருக்கிறவனுக்கு அந்த எடத்தக் குடுத்துடுவான். ஆனா அத எப்படிச் சொல்றது. அன்னையிலேருந்து நடுராத்திரி வண்டின்னு எவன் வந்தாலும், ஃபாரத்த வாங்கினதும் தலைய நிமித்தி, "எந்த ராத்திரி?"ன்னு கேக்காம நான் டிக்கெட் போட்டதில்ல. போறவங்களத் திரும்பக் கூப்பிட்டுக் கேட்டிருக்கேன். கலெக்டர் ஆபீஸ் ஆளக் கேட்டிருக்கேன், கல்யாண கோஷ்டியக் கேட்டிருக்கேன், எனக்குப் பாடம் எடுக்காதய்யான்னு திட்டு வாங்கியிருக்கேன். ரிட்டயர்மெண்ட் விழாவுல எல்லாரும் சேந்து ஒரே கொரல்ல எந்த ராத்திரின்னு கத்தினானுங்க, சால்வ போட்டானுங்க. அந்தச் சால்வகூட இப்ப டிக்கியில இருக்கு, குளுருக்கு ஆவும்னு. என் டிக்கெட்ட ஒருத்தன் கேக்கலியே. கம்பிக்கு உள்ள உக்காந்து எந்த ராத்திரின்னு என்ன ஒருத்தன் கேக்கல.

கேட்டா. கேட்டா, கேட்டா. நேத்துக் காலையில நாயகி கேட்டா. அதத்தான் மனசு சுத்திச் சுத்திப் போய்த் தொடாமத் தொடாம வருது. நேத்து, திங்கக்கிழமை, காலையில ஏழரை மணி. சுகந்தி போன் பண்ணினா. அவளுக்கு அங்க ராத்திரி பத்து. "எல்லாம் கட்டியாச்சாப்பா?"ன்னா. ஆச்சும்மான்னேன். "ஞாபகம் இருக்குல்ல, நாளைக்கு ராத்திரி ஒன்னு இருபத்தஞ்சு, ஒம்போது பத்து மணிக்கெல்லாம் ஏர்போர்ட்ல இருந்துடுங்க." "ஞாபகம் இருக்கும்மா, நாளைக்கு ராத்திரி ஒன்னு இருபத்தஞ்சு." ரெண்டு பேரும் ஒரே வார்த்தையத்தான் சொன்னோம். ஒரு எழுத்து பிசகல. ஆனா அவ அங்க ஞாயித்துக்கிழமையில நின்னுக்கிட்டு நாளைக்குன்னா. நான் இங்க திங்கக்கிழமையில நின்னுக்கிட்டு நாளைக்குன்னேன். அவ நாளைக்கு திங்க. என் நாளைக்கு செவ்வாய். போன வச்சதும் நாயகி அடுப்படியிலேருந்து வந்து, "ஏங்க, தேதி பன்னண்டு மணிக்கு மாறிடுமே, அப்ப நாம இன்னைக்கு ராத்திரியே கெளம்புற மாதிரி வராதுங்களா? இன்னொரு தடவ பாத்துடுங்களேன்"னா. முப்பத்திரண்டு வருஷம் நான் சோத்துத் தட்டுக்கு முன்னாடி உக்காந்து சொன்ன கதையெல்லாம் கேட்டவ அவ. நான் என்ன சொன்னேன். ஏண்டி, ஆயிரக்கணக்கான பேருக்கு டிக்கெட் போட்டவன்கிட்ட வந்து தேதி சொல்லிக் குடுக்குறியா, போய் வேலயப் பாருன்னேன். இப்பத்தான் சுகந்திகிட்டயே பேசினேன், நாளைக்கு ராத்திரின்னு அவளே சொல்லுறான்னேன். இவ அதுக்கு மேல பேசல. அதான் இவகிட்ட. ஒரு தடவ கேப்பா. ரெண்டாவது தடவ கேட்டுத் தொலைச்சிருக்கலாம்ல. இந்த நெனப்பு வந்ததும் எனக்கே என்னப் பாத்தா அசிங்கமா இருக்கு. செஞ்சது நான், அவ ரெண்டாவது தடவ கேக்கலன்னு குத்தம் கண்டுபிடிக்குறேன் பாரு.

போன எடுத்துப் பாக்குறேன். நேத்து ராத்திரி பத்து மணிக்கு சுகந்தி அனுப்பியிருக்கா. "பத்திரமா வாங்கப்பா. நாளைக்குப் பாப்போம்." நாங்க ஒம்போதுக்கே படுத்துட்டோம், மறுநாள் பயணம்னு. காலையில அஞ்சரைக்குப் பாத்தேன். நாளைக்கா, நாளான்னிக்குல்ல வருவோம், பாவம் புள்ளத்தாச்சி, நாளு கெழம கொழம்புதுன்னு சிரிச்சுக்கிட்டேன். ஆமா, சிரிச்சேன். "சரிம்மா"ன்னு போட்டேன். அதுக்கு அவ உடனே ஒன்னு போட்டிருக்கா, நான் பெட்டிக்குக் கயிறு கட்டுற மும்முரத்துல பாக்கல, இப்பத்தான் பாக்குறேன். "அட, ஃப்ளைட்லயே நெட் போட்டுட்டீங்களா? பரவாயில்லையேப்பா." அந்த ஒத்த 'சரிம்மா'வ வச்சு, அப்பா ஆகாயத்துலேருந்து பேசுறாருன்னு நெனச்சிருக்கா. நான் வீட்டு நடையில கயிறும் கையுமா உக்காந்திருந்தேன்.

திண்டிவனம் பலகை வருது. திண்டிவனத்துல சொல்லிடணும். இவள எழுப்பி, நாயகி, ஒரு விஷயம். அப்புறம் என்ன வார்த்த. ஃப்ளைட் போயிடுச்சு. இல்ல, நாம விட்டுட்டோம். நாமன்னு சொல்ல எனக்கு ஏது யோக்கியத, நான் விட்டுட்டேன். பஸ் ஸ்டாண்டு ரோட்டு மேம்பாலம் ஏறி எறங்குற வரைக்கும் வார்த்தையத் தேடுறேன், எறங்கினதும் திண்டிவனம் முடிஞ்சிடுச்சு. சரி, அச்சிறுபாக்கத்துல. டைரியில தனியா ஒரு பக்கம் போட்டு வச்சிருக்கேன், சென்னை – டொராண்டோன்னு தலைப்பு போட்டு. போன மாசம் பூரா அதுதான் பொழுது. ரெண்டு ஏர்போர்ட் பேரையும் போட்டா நடுவுல எத்தன கிலோமீட்டர்னு செல்போன்லயே வருது. நேர்க்கோட்டுல பதிமூவாயிரத்து முந்நூத்து எம்பத்தஞ்சு. விருத்தாசலத்துலேருந்து கன்னியாகுமரிக்கு ரயில்ல இருபத்தஞ்சு தடவ போற தூரம். நாங்க போறது நேர்க்கோடு இல்ல, ஜெர்மனியில எறங்கி மாறணும். அதுவரைக்கும் பத்து மணி இருபது நிமிஷம், அங்க காத்திருக்கிறது ஒன்னே முக்கா மணி, அங்கேருந்து எட்டரை. மொத்தம் இருபது மணி முப்பத்தஞ்சு நிமிஷம். நம்ம ஊர் நேரத்துல எத்தன மணிக்கு எந்தக் கடல் மேல இருப்போம், ஜெர்மனிக்கு எவ்வளவு கழிக்கணும், கனடாவுக்கு எவ்வளவு கழிக்கணும், எல்லாம் ரயில்வே டைம் டேபிள் மாதிரி கட்டம் போட்டு எழுதினேன். ஒம்போதரை மணி நேரம் கழிக்கணும்னு செவப்பு மையில வேற அடிக்கோடு. நேரத்த எல்லாம் கழிச்சேன், நாளக் கழிக்கல. அங்க மத்தியானம் பன்னண்டரைக்கு எறங்குவோம்னு கட்டத்துல இருக்கு, அது ஆபரேஷனுக்கு மொத நாளா அன்னைக்கேவான்னு ஒரு தடவ சேத்து வச்சுப் பாத்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும். நேர்க்கோட்டுல போனா உலகத்தோட உச்சந்தல வழியாப் போகணும் தெரியுமான்னு நாயகிகிட்ட சொன்னேன். அங்க யாருங்க இருப்பாங்கன்னு கேட்டா. ஒருத்தரும் இருக்க மாட்டாங்க, வெறும் பனிதான். "அப்ப நாம ஜெர்மனி வழியாவே போயிடலாம்"னா. இப்ப மணி ரெண்டு அம்பது. என் கட்டத்தப் பாத்தா ஜெர்மனியில மாறியாச்சு. கெளம்பி ஒரு மணி இருபது நிமிஷம். இங்கிலாந்து மேல எங்கியோ அது போய்க்கிட்டிருக்கு. முப்பத்து நாலாவது வரிசையில ரெண்டு சீட்டு. ஜன்னலோரம் நாயகிக்குன்னு மாப்பிள்ள கேட்டு வாங்கினது. காய்கறிச் சாப்பாடு வேணும்னு எழுதிக் குடுத்தது. அந்தச் சாப்பாடு ரெண்டும் சூடா இருக்கும். நேத்து ராத்திரி என் எடத்துல யாரு படுத்திருந்தாங்க.

கணக்கு போடு, கணக்கு போடு, அழுவுறதுக்கு அப்புறம் நேரம் இருக்கு. ஆபரேஷன் அங்க புதன் காலையில ஏழரை. நம்ம நேரம் புதன் சாயந்திரம் அஞ்சு. இன்னைக்கு ராத்திரி, இந்த வாட்டி நெசமாவே இன்னைக்கு ராத்திரி, இதே வண்டியப் பிடிச்சா, எடம் இருந்து அவன் குடுத்தாத்தான் அதுவும், போய் எறங்குறப்ப நம்ம நேரம் புதன் ராத்திரி பத்து. அஞ்சு மணி நேரம் லேட். கொழந்த பொறந்து கண்ண மூடித் தூங்கும். அப்ப வேற வண்டி. அஞ்சு மணியிலேருந்து இருபது மணி முப்பத்தஞ்சு நிமிஷத்தக் கழி, எறங்கி வெளிய வந்து ஆஸ்பத்திரி போக ஒன்னரை மணியக் கழி. இன்னைக்குச் சாயந்திரம் ஏழு. ஏழு மணிக்குள்ள சென்னைய விட்டுக் கெளம்புற ஏதாவது ஒன்னு, எந்த ஊர் வழியா இருந்தாலும். நாலரைக்கு ஏர்போர்ட் போய்ச் சேந்தா ரெண்டரை மணி நேரம் இருக்கு. கவுண்டர்ல ஒருத்தன் உக்காந்திருப்பான், என்ன மாதிரி ஒருத்தன். அடுத்த ஆளுன்னு சொல்லுவானா, தலைய நிமித்திப் பாப்பானா. லேட்டா வந்தவங்கள நான் எப்படிப் பாத்தேனோ அப்படித்தான பாப்பான். அஞ்சு மணி நேரம் லேட்டானா என்ன குடி முழுகிப் போச்சு, மாப்பிள்ள கூடத்தான இருக்காருன்னு ஒரு மனசு சொல்லுது. சொல்லுற மனச அறையணும் போல இருக்கு. மூணு வருஷத்துக்கு முன்னாடி இதே பொண்ணு, எட்டாவது மாசம், திடீர்னு ஆபரேஷன்னு தூக்கிட்டு ஓடினாங்க. மாப்பிள்ளைய வெளியவே நிறுத்திட்டாங்க. எங்களுக்கு அப்ப விசா வரல. கொழந்த தங்கல. ஆம்பளப் புள்ள. சுகந்தி கண்ணு முழிச்சதும் போன்ல சொன்னது எனக்கு இன்னும் காதுல இருக்கு. "உள்ள எல்லாரும் மாஸ்க் போட்டிருந்தாங்கப்பா. தெரிஞ்ச மூஞ்சி ஒன்னுகூட இல்ல." அவ்வளவுதான். ஏன் வரலன்னு ஒரு வார்த்த கேக்கல, அவ ஆத்தா மாதிரியேதான் அவளும். இந்த வாட்டி உண்டானதும் ஒன்னே ஒன்னு கேட்டா. "உள்ள போறதுக்கு முன்னாடி அம்மா மூஞ்சியப் பாத்துட்டுப் போகணும்ப்பா." மருந்து கேக்கல, துணி கேக்கல, லேகியம் கேக்கல. நேரத்துக்கு வந்து நிப்போம்மா, நான் ரயில்வேக்காரன்னு சொன்னேன்.

அச்சிறுபாக்கம் போயிடுச்சு. மலை மேல கோயில் தெரியுதான்னு எப்பவும் பாப்பேன், இன்னைக்கு மலை எந்தப் பக்கம் வந்துச்சுன்னே தெரியல. சகாயம் பாட்டுப் போடட்டுமா சார்னான். வேணாம்பான்னேன். கொஞ்சம் வேகமாப் போன்னேன். "ஏன் சார் அவசரம், ராத்திரி ஒரு மணிக்குத்தான ஃப்ளைட்டு, இப்பவே ரொம்ப முன்னாடி சார்"ங்குறான். ரொம்ப முன்னாடி. மதுராந்தகத்துல சொல்லிடுவேன். ஏரி வந்ததும் சொல்லிடுவேன். சொல்லாம ஏர்போர்ட் வரைக்கும் கூட்டிட்டுப் போய், கவுண்டர்ல அவன் சொல்றப்பத்தான் எனக்கே தெரிஞ்ச மாதிரி நின்னா என்ன. அவன் தப்பு, ஏஜென்ட் தப்பு, டிக்கெட் அடிச்சவன் தப்புன்னு நாலு சத்தம் போட்டா என்ன. நாயகி நம்புவா. நம்பிட்டு என் பக்கம் நின்னு அவளும் சத்தம் போடுவா. இந்த யோசன எனக்கு வந்துச்சுங்குறத நான் யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல. ஆனா வந்துச்சு, முழுசா ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு அத வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். ஏரி வந்துடுச்சு. தண்ணி ரோட்டுக்குச் சமமா நிக்குது. அப்பத்தான் மடியில இருந்த போன்ல சத்தம் வந்துச்சு. சுகந்தி. அங்க விடியல, அஞ்சே முக்கால்தான் இருக்கும். தூக்கம் வரல போல. ஒரு படம் அனுப்பியிருக்கா. பூரா நீலம். ஒரு ஓரத்துல அயர்லாந்துன்னு போட்டிருக்கு. அதத் தாண்டி நீலத்துல ஒரு மஞ்சக் கலர் விமானம், அரிசி அளவுக்கு. அதுக்குக் கீழ எழுதியிருக்கா: "இப்ப நீங்க இங்க இருக்கீங்க. இன்னும் 4900 கிலோமீட்டர்தான்."

நாயகி முழிச்சுட்டா. போன் சத்தம் எவ்வளவு சின்னதா இருந்தாலும் பொண்ணோடதுன்னா இவளுக்குக் கேட்டுடும். முந்தானையால வாயத் தொடச்சுக்கிட்டு, கூடைய ஒரு தடவ தொட்டுப் பாத்துக்கிட்டு, கைய நீட்டினா.

"சுகந்தியா? என்ன அனுப்பியிருக்கா, காட்டுங்க."

காட்டினேன். வேற என்ன செய்ய.

"என்னங்க இது, வெறும் நீலமா இருக்கு."

"கடல்."

"நடுவுல என்னமோ இருக்கே மஞ்சளா."

"ஃப்ளைட்டு."

"யாரு போற ஃப்ளைட்டு?"

"நாம போறது."

என் மூஞ்சியப் பாத்தா. போனப் பாக்கல, ஏரியப் பாக்கல, என் மூஞ்சியவே பாத்தா. நான் தோள்பையிலேருந்து தாள எடுத்து அந்த சைபர் மேல வெரல வச்சேன். அவளுக்கு இங்கிலீஷ் படிக்க வராது, நம்பர் படிப்பா. இருபத்தெட்டப் படிச்சா. சைபரப் படிச்சா, ஒன்னப் படிச்சா. வெரல் விட்டு எண்ணினா, திங்க, செவ்வாய். அவ திட்டுவான்னு நான் காத்துக்கிட்டிருந்தேன். நேத்தே கேட்டேனேன்னு ஒரு வார்த்த சொன்னா தாங்கிக்கலாம், அதுக்குத் தயாரா பல்லக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அவ சொல்லல. கூடையத் தூக்கிக் காலடியில வச்சா. "புள்ளைக்குத் தெரியுமா?"ன்னா. தெரியாதுன்னேன். "அவ இதப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்காளா, விடியாதப்ப எந்திரிச்சு?" ஆமான்னேன். "போன் போடுங்க. நீங்களே சொல்லுங்க. என்னச் சொல்லச் சொல்லாதீங்க." முப்பத்தாறு வருஷத்துல இப்படி ஒரு கொரல் அவகிட்ட நான் கேட்டதில்ல.

போட்டேன். ரெண்டாவது மணியிலயே எடுத்துட்டா. "அப்பா, ஃப்ளைட்லேருந்து பேசக்கூட முடியுதா?" சந்தோஷமான கொரல். கொஞ்சம் தூக்கக் கலக்கம், மூச்சு வாங்குது. இல்லம்மான்னேன். "அப்ப ஜெர்மனியிலயா? அந்த ஃப்ளைட்ட விட்டுட்டீங்களா?" இல்லம்மான்னேன். "எங்கப்பா இருக்கீங்க?" ஜன்னல் வழியாப் பாத்தேன். பலகையில என்ன போட்டிருந்துச்சோ அதப் படிச்சேன்.

"மதுராந்தகம்."

பதிமூவாயிரத்து முந்நூத்து எம்பத்தஞ்சு கிலோமீட்டர்னு எழுதி வச்சவன், அது எவ்வளவு தூரம்னு அந்த நிமிஷம்தான் எனக்குத் தெரிஞ்சுது. போன்ல அவ மூச்சு மட்டும் வருது, போகுது. அப்புறம் ரொம்ப மெதுவாக் கேட்டா, கோபமே இல்லாம, கணக்கு எங்க விட்டுப்போச்சுன்னு கேக்குற மாதிரி. "நாளைக்கு ராத்திரின்னு சொன்னேனேப்பா. ஞாயித்துக்கெழம."

"நீ ஞாயித்துக்கெழம சொன்னம்மா. நான் திங்கக்கெழம கேட்டேன்."

ஏழு மணிக்குள்ள ஒன்னு கெடைக்கும்மா, அப்பா எப்படியாவதுன்னு ஆரம்பிச்சேன். முடிக்கல. "அம்மாகிட்டக் குடுங்க"ன்னா. குடுத்தேன். வாங்கினா நாயகி. எதையோ தடவித் தடவிப் படம் தெரியுற மாதிரி மாத்தினா, அதெல்லாம் இவளுக்குத் தெரியும்னே எனக்குத் தெரியாது. கூடையிலேருந்து தண்ணி பாட்டில எடுத்து, உள்ளங்கையில ஊத்தி, மூஞ்சியக் கழுவினா, கார் சீட்டெல்லாம் தண்ணி. முந்தானையால துடைச்சா. நெத்தியில பொட்டு சரியா இருக்கான்னு வெரலால தொட்டுப் பாத்தா. முடிய ஒதுக்கிக்கிட்டா. அப்புறம் போன நேரா மூஞ்சிக்கு முன்னாடி, கை நீளத்துக்குப் பிடிச்சா. "பாத்துக்கடி"ன்னா. "உள்ள போறதுக்கு முன்னாடி பாக்கணும்னியே. அதுக்குள்ள நாங்க வந்தா வந்தோம். இப்ப நல்லாப் பாத்துக்க." அந்தப் பக்கம் சுகந்தி அழுவுற சத்தம் கேட்டுச்சு. இவ அழுவல. மூஞ்சி அசையாமக் காட்டிக்கிட்டே இருந்தா. சகாயம் வண்டிய எப்ப ஓரங்கட்டினான்னு தெரியல. கண்ணாடியில என்னப் பாத்து, திரும்பணுமா சார், நேராப் போகணுமான்னு கேட்டான். மணி மூணு இருபத்தஞ்சு. நேராப் போன்னேன்.